தாத்தா தேய்த்த இரண்டு வேட்டிகள்

தாத்தாவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர்களில் நரைத்த மீசைக்காரர் ஒருவர், வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே உங்கள் இருவரிடமும் மலையாளத்தில் ஒன்று சொன்னார், நினைவிருக்கிறதா, பிள்ளைகளே? உங்கள் அப்பாவின் வேட்டியைக் கட்டிக்கொண்டுதான் நான் என் கல்யாணத்துக்குக் கிளம்பினேன் என்றார். சொல்லிவிட்டு, சிரிக்கக் கூடாத வீட்டில் கொஞ்சம் சிரித்துவிட்டு உள்ளே போனார்.

நீங்கள் இருவரும் என்னைப் பார்த்தீர்கள். வீடு நிறைய ஆள். பிறகு சொல்கிறேன் என்றேன். அந்தப் பிறகு இப்போதுதான் வந்திருக்கிறது. வாயால் சொன்னால் பாதியில் கடையிலிருந்து போன் வரும், அதனால் எழுதியே தருகிறேன். நான் ஒன்பதாம் வகுப்பு வரை தமிழில் படித்தவன். நீங்கள் பள்ளியில் மலையாளம் படிப்பவர்கள், இதை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பீர்கள். அவசரம் இல்லை. புரியாத இடத்தில் அம்மாவிடம் கேளுங்கள். ஆனால் அவள் சொல்லும் கதையில் நான் கொஞ்சம் கூடுதலாகப் பயந்தவனாக வருவேன். அதை நம்ப வேண்டாம்.

நீங்கள் பார்த்தது காஸில் சூடாகும் தேய்ப்புப் பெட்டி வந்த பிறகு உள்ள தாத்தாவை. நான் முதலில் பார்த்தது கரிப் பெட்டித் தாத்தாவை. தென்காசிப் பக்கத்திலிருந்து இந்த மலையாள ஊருக்கு வந்து, கரமனையில் ஒரு மாமரத்தடியில் தேய்ப்பு வண்டி போட்டிருந்தார். பலகை மேல் மடித்த கம்பளி, கம்பளி மேல் வெள்ளைத் துணி, ஓரத்தில் தண்ணீர்ச் சட்டி, சிரட்டைக் கரி கனலும் பெரிய பித்தளைப் பெட்டி. அந்தப் பெட்டியை நான் ஒருநாள் தூக்கிப் பார்த்தேன். இரண்டு சட்டை தேய்ப்பதற்குள் என் கை மறுநாள் கடைக்கு வரமாட்டேன் என்றது. தாத்தா அதை நாள் முழுக்க வீசுவார், கூடவே பேசுவார்.

என்ன பேசுவார் என்றால், பத்திரிகைச் செய்தி. தேய்த்த துணியைப் பொதிவதற்குப் பழைய மலையாளப் பத்திரிகைகளை எடைக்கு வாங்குவார். அவற்றைப் பார்த்துத்தான் மலையாளம் வாசிக்கக் கற்றுக்கொண்டார். அதனால் அவருக்குத் தெரிந்த உலகம் எப்போதும் சில வாரம் பின்னால் இருந்தது. நாளைக்குப் பெருமழை என்று அவர் எச்சரித்தால், அந்த மழை பெய்து, வெள்ளம் வடிந்து, வீட்டுக்காரர்கள் பாய் காயப்போட்டு எடுத்திருப்பார்கள். கிரிக்கெட் ஆட்டத்தில் இந்தியா ஜெயிக்குமா என்று அவர் கவலைப்படும்போது வாடிக்கைக்காரர்கள் யாரும் முடிவைச் சொல்லமாட்டார்கள். அவராக வாசித்துச் சந்தோஷப்படட்டும் என்று விட்டுவிடுவார்கள். அப்படி ஒரு பிரியம் அந்தத் தெருவுக்கு அவர் மேல். எல்லாருக்கும் அவர் அண்ணாச்சிதான், அவரைவிட வயதில் மூத்தவர்களுக்கும்.

ஊருக்கெல்லாம் மடிப்புக் கலையாத சட்டை தேய்த்துக் கொடுத்தவரின் சட்டை எப்போதும் கசங்கியே இருக்கும். அதற்கு ஒரு கணக்கு வைத்திருந்தார். சாயங்காலம் கனல் அடங்கும் நேரத்தில் கடைசிச் சூடு பிள்ளைகளின் பள்ளிச் சீருடைக்கு. அதற்கப்புறம் மிச்சம் இருந்தால் தனக்கு. மிச்சம் இருந்ததே இல்லை. சீருடைக்கே அது முழுதாகப் போதாது. உங்கள் அம்மாவின் பாவாடையில் முன்பக்க மடிப்பு கத்தி மாதிரி நிற்குமாம், பின்பக்கத்துக்கு வரும்போது பெட்டி ஆறிவிடுமாம். அதனால் பள்ளியில் அவள் எங்கே நின்றாலும் சுவரை ஒட்டியே நிற்பாள். இப்போதும் கல்யாண வீடுகளில் அவள் சுவரோரம் போய் நிற்பதைப் பாருங்கள். காரணம் அதுதான்.

இன்னொரு பழக்கமும் சொல்ல வேண்டும், இந்தக் கதையே அதில்தான் இருக்கிறது. மற்ற தேய்ப்புக்காரர்கள் துணியின் மூலையில் மையால் சின்னதாகக் குறி போட்டு வைப்பார்கள், எது எந்த வீட்டுத் துணி என்று தெரிய. தாத்தா குறி போடமாட்டார். தொட்டால் தெரியும் என்பார். தெரியவும் செய்தது. ஒருவர் தோளில் பை மாட்டிய இடம் தேய்ந்திருக்கும், ஒருவருக்குப் பேனா குத்திய சட்டைப் பை தொங்கும், ஒருவர் வேட்டியில் சைக்கிள் சங்கிலி கடித்த இடம் இருக்கும். வெள்ளை வேட்டி மலைபோலக் குவிந்து கிடக்கும் இந்த ஊரில், கண்ணை மூடிக்கொண்டு வீடு வீடாகப் பிரித்து வைப்பார்.

என்னையும் அவர் அப்படித்தான் கண்டுபிடித்தார். நான் அப்போது சாலை என்ற கடைத்தெருவில் இரும்புக் கடை வேலைக்குச் சேர்ந்த புதிது. கரமனையில் ஒரு அறையில் தங்கியிருந்தேன். சட்டைகளை அவரிடம்தான் கொடுப்பேன். ஒருநாள், ஊரில் யார் யார் இருக்கிறார்கள் என்று விசாரித்தார். அடுத்த வாரம், எனக்கு ஒரு பெண் இருக்கிறாள், உன் வீட்டுப் பெரியவர்களை வரச்சொல் என்றார். ஏன் என்னைக் கேட்டீர்கள் என்று கல்யாணத்துக்குப் பிறகு ஒருநாள் கேட்டேன்.

"பாக்கெட்டுல பீடித்தூள் இல்ல. பஸ் டிக்கெட்டுதான் கிடந்துச்சு. அதுவும் கடைக்குப் போற பஸ்ஸு, ரூமுக்கு வார பஸ்ஸு. வேற எங்கயும் போகத் தெரியாத பயலாக்கும்னு நெனச்சேன்" என்றார்.

என் பக்கத்து விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். மத்தியானம் தாத்தாவுக்குச் சோறு கொண்டுவரும் பெண்ணை நான் அதற்கு முன்பே பார்த்திருந்தேன். தேய்க்கவே தேவையில்லாத சட்டையைக்கூட மத்தியானமாகப் பார்த்துக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். ஆகவே தாத்தா கேட்டபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனால் முடிவு என் கையில் இல்லை. எனக்குச் சின்ன வயதிலேயே அப்பா அம்மா இல்லை. வளர்த்தது சித்தப்பாவும் சித்தியும். அவர்கள் வித்துராவில் பலசரக்குக் கடை வைத்திருந்தார்கள். சித்தப்பா தங்கமான மனிதர், ஆனால் மரியாதை விஷயத்தில் தீப்பெட்டி. ஒரு கல்யாணப் பந்தியில் தன் இலையைத் தாண்டி அடுத்த இலைக்கு அப்பளம் போய்விட்டது என்று பாதிச் சோற்றில் எழுந்து வந்தவர். அந்த வீட்டோடு அதன் பிறகு பேச்சே இல்லை. அவர் சரி என்றால் கல்யாணம். அவர் முகம் சுளித்தால், நான் வேறு தேய்ப்பு வண்டி தேட வேண்டியதுதான்.

ஆவணி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பெண் பார்க்க வருவதாகப் பேச்சு. சித்தி எனக்கென்று சரிகைக் கரை போட்ட புது வேட்டி எடுத்து, நம் வழக்கப்படி மூலையில் மஞ்சள் தொட்டு வைத்து, சனிக்கிழமையே சித்தப்பாவிடம் கொடுத்தனுப்பினாள். புது வேட்டி கஞ்சி போட்ட அட்டை மாதிரி விறைத்து நின்றது. தேய்க்க வேண்டும். யாரிடம் கொடுப்பது? பெண்ணின் அப்பாவிடமே கொடுப்பதா என்று எனக்குக் கூச்சம். வேறு ஆளிடம் கொடுத்தால் நாளை காலை அவர் மடிப்பைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார், அது பெரிய அவமரியாதை என்றார் சித்தப்பா. மரியாதை என்று வந்துவிட்டால் அவரிடம் பேச முடியாது. கொண்டுபோய்க் கொடுத்தோம்.

தாத்தா சந்தோஷமாக வாங்கினார். அன்று வண்டியில் இடமே இல்லை. மறுநாள் முகூர்த்த நாள், தெருவில் பாதிப் பேர் ஏதாவது ஒரு கல்யாணத்துக்குப் போகிறவர்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு வாடிக்கை வீட்டில் மகனுக்கே கல்யாணம். அந்த மாப்பிள்ளையின் புது வேட்டியும் அங்கேதான் இருந்தது. அதுவும் வெள்ளை, அதிலும் சரிகைக் கரை.

மறுநாள் காலை பொதியைப் பிரித்து வேட்டியைக் கட்டினேன். சரிகைக் கரை விரல் அகலத்துக்கு மின்னியது. சித்தி இவ்வளவு நல்லதாகவா எடுத்தாள் என்று எனக்கே ஆச்சரியம். சித்தப்பா என்னைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, உன் சித்திக்குக் கை கொஞ்சம் தாராளம்தான், இருந்தாலும் நல்லாத்தான் இருக்கு என்றார். நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

தாத்தா வீட்டில் வரவேற்பு பிரமாதம். புதுப் பாய், நாற்காலி, மாவில் தோய்த்துச் சுடச்சுடப் பொரித்த பழம்பொரி, சாயா. சித்தப்பாவை நாற்காலியில் உட்கார வைத்து விசிறியையும் அவர் பக்கம் திருப்பி வைத்தார்கள். சித்தப்பாவின் முகம் மலர்ந்தது. என் இரும்புக் கடை வேலையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். அவர் சொன்னதைக் கேட்டால் கடையே என்னுடையது என்று தோன்றும். உங்கள் அம்மா தட்டோடு வந்து, வைத்துவிட்டு, உள்ளே போய்க் கதவோரம் நின்றாள். எல்லாம் நன்றாக நடந்துகொண்டிருந்தது.

தாத்தா மட்டும் சித்தப்பாவின் பேச்சைக் கேட்கவில்லை. என் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதாவது பூச்சி ஊர்கிறதோ என்று நான் குனிந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை.

"மாப்பிள்ளை, கொஞ்சம் எந்திரிங்க" என்றார்.

எழுந்தேன். தையல்காரர் மாதிரி என்னைச் சுற்றி வந்தார். குந்தி உட்கார்ந்து வேட்டியின் மூலையைக் கையில் எடுத்தார். அடுத்த மூலையையும் எடுத்துப் பார்த்தார்.

"மஞ்சள் எங்க?"

எந்த மஞ்சள் என்று எனக்கு உடனே பிடிபடவில்லை. அவர் முகம் வெளுத்துவிட்டது. தாத்தா எழுந்து, என் காதோரமாக, ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"வேட்டியக் கழட்டுங்க மாப்பிள்ளை. இது இன்னைக்குத் தாலி கட்டப் போற பையனோடதாக்கும்."

என்ன நடந்தது என்றால், பழைய துணியைத் தொட்டால் ஆள் தெரியும். புதுத் துணிக்கு இன்னும் ஆளே இல்லையே. தேய்க்கும்போது மஞ்சளைப் பார்த்துத்தான் தேய்த்திருக்கிறார். மடித்ததும் மூலைகள் உள்ளே போய்விட்டன. இரண்டு புது வேட்டியும் இரண்டு பழைய பத்திரிகைக்குள் போயின, இடம் மாறிப் போயின. இத்தனை வருடத்தில் அவர் செய்த ஒரே தவறு, தன் மகளைப் பார்க்க வந்தவன் இடுப்பில் ஏறி அவர் வீட்டுக்கே வந்துவிட்டது.

பின்கட்டில் போய் வேட்டியை அவிழ்த்துக் கொடுத்தேன். மாற்றிக்கொள்ளத் தன் சாரம் ஒன்றைக் கொடுத்தார். நீலக் கட்டம் போட்ட கைலி, நான் அதுவரை பார்த்த துணிகளிலேயே அதிகம் கசங்கியது. வேட்டியை எட்டாக மடித்துப் பத்திரிகையில் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தார். சித்தப்பாவிடம் கையெடுத்துக் கும்பிட்டு, இப்போ வந்துவிடுகிறேன், முகூர்த்த நேரம் நெருங்குகிறது என்று சொல்லிச் சைக்கிளில் ஏறிப் போயே போய்விட்டார்.

வீட்டில் ஆண்பிள்ளை என்று வேறு யாரும் இல்லை. உங்கள் அம்மாவைப் பெற்ற ஆச்சி கையைப் பிசைந்தாள். நான் மேலே தேய்த்த சட்டை, கீழே கசங்கிய சாரம் என்று வந்து பாயில் உட்கார்ந்தேன். சித்தப்பாவின் காது சிவந்திருந்தது. அப்பளத்துக்கே எழுந்தவர் அவர்.

"ஏலே, எந்திரி. போலாம்" என்றார்.

"எப்படிச் சித்தப்பா போறது?"

அவர் என் சாரத்தைப் பார்த்தார். வாசலுக்கு வெளியே தெருவைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை, முகூர்த்த நாள், தெரு நிறைய வெள்ளை வேட்டிகள். பெண் பார்க்க வந்த பையன் பெண்வீட்டுச் சாரத்தோடு கரமனைத் தெருவில் நடந்து போவது, உட்கார்ந்திருப்பதைவிடப் பெரிய அவமரியாதை என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். மறுபடி உட்கார்ந்தார். ஆச்சி இன்னும் இரண்டு பழம்பொரியை அவர் தட்டில் வைத்தாள். கோபத்தில் ஒன்றை எடுத்துக் கடித்தார்.

சித்தப்பா தெருவைப் பார்த்தபடி, வந்தவனை உட்கார வைத்துவிட்டு ஊரான் கல்யாணத்துக்கு ஓடுகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அப்போது கதவோரத்திலிருந்து உங்கள் அம்மா பேசினாள். பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் பேசுகிற வழக்கம் எங்கள் பக்கம் அவ்வளவாக இல்லை.

"மாப்பிள்ளை ஒருத்தரு வேட்டி இல்லாம நிக்கக் கூடாதுன்னுதான் அப்பா போயிருக்கு. நீங்க கோவிச்சுக்காதீங்க."

"அப்ப இவன் யாரும்மா? இவன் வேட்டி இல்லாமத்தானே உக்காந்திருக்கான்?" என்றார் சித்தப்பா.

"இவங்களுக்கு அப்பா சாரம் இருக்கு, அல்லே" என்றாள். "அவருக்கு அதுவும் இல்ல."

சித்தப்பாவின் வாயில் பழம்பொரி இருந்தது. அதை விழுங்கிவிட்டுத் தட்டில் இருந்த மற்றதையும் எடுத்துக்கொண்டார், அதுவும் கோபத்திலா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். சிரித்தால் காரியம் கெட்டது என்று தெரியும்.

கல்யாண வீட்டில் நடந்ததைத் தாத்தா பிறகு சொல்லித்தான் தெரியும். அவர் போய்ச் சேர்ந்தபோது அந்த மாப்பிள்ளை, அன்று நம் வாசலில் பேசிய மீசைக்காரர்தான், என் வேட்டியைக் கட்டிக்கொண்டு, குளித்துப் பொட்டு வைத்து, முற்றத்தில் புகைப்படக்காரனுக்கு நின்றுகொண்டிருந்தாராம். மூலையில் இருந்த மஞ்சளை அவருடைய அம்மா கோயில் பிரசாதம் பட்டது என்று நினைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாளாம். தாத்தா விஷயத்தைச் சொன்னதும் வீடே ஓடிவந்தது. நான் உட்கார்ந்து கசக்கியிருந்த அவர்கள் வேட்டியை அந்த வீட்டுக் கரண்டுத் தேய்ப்புப் பெட்டியிலேயே தாத்தா நின்று தேய்த்துக் கொடுத்திருக்கிறார். இந்த இன்னொரு வேட்டி யாருடையது என்று அந்த அம்மா கேட்க, இவரும் உள்ளதைச் சொல்ல, அவள் தலையில் அடித்துக்கொண்டாளாம். மகளைப் பார்க்க வந்தவர்களை விட்டுவிட்டா இங்கே நிற்கிறீர்கள் என்று திட்டி, கையில் ஒரு பொட்டலம் நேந்திரங்காய் வறுத்த உப்பேரியும் கொடுத்து விரட்டினாளாம். அந்த வீட்டு ஆல்பத்தில் முதல் பக்கத்தில் மட்டும் மாப்பிள்ளைக்கு ஒடுங்கிய கரை, மற்றப் பக்கங்களில் அகலக் கரை. போய்ப் பார்த்தால் இப்போதும் காட்டுவார்கள்.

தாத்தா வியர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தார். உப்பேரிப் பொட்டலத்தைச் சித்தப்பா முன்னால் வைத்தார். என் வேட்டியைப் பிரித்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். அந்த மாப்பிள்ளை உட்கார்ந்து எழுந்ததில் முழங்கால் இடம் கசங்கியிருந்தது. நான் கை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை.

கட்டிக்கொள்ளட்டும், நேரமாச்சு என்றாள் ஆச்சி. தாத்தா காதிலேயே வாங்கவில்லை. முற்றத்தில் சிரட்டைக் கரியைப் பற்ற வைத்து, பெட்டியில் போட்டு வீசி, பெஞ்சில் கம்பளி விரித்துத் தேய்க்க ஆரம்பித்துவிட்டார். சித்தப்பா எழுந்து அவர் எதிரில் போய் நின்றார்.

"எங்கள உக்கார வச்சிட்டு அடுத்தவன் கல்யாணத்துக்கு ஓடினீரே, இது என்ன மரியாதை?" என்றார்.

தாத்தா பெட்டியை நிறுத்தவில்லை. கரையை இழுத்துப் பிடித்து, மஞ்சள் பட்ட மூலையைச் சுற்றி மெதுவாகப் போனார்.

"அவன் கல்யாணம் இன்னைக்கு, அண்ணாச்சி. நம்ம கல்யாணம் இன்னும் பேசி முடிக்கவே இல்லையே. தப்பு என்னோடது, மன்னிக்கணும். இத முடிச்சிட்டு வாரேன், பேசலாம், கேட்டோ?"

சித்தப்பா சிரிக்கவில்லை. ஆனால் திரும்பி வந்து உப்பேரிப் பொட்டலத்தைப் பிரித்தார். தாத்தா தேய்ப்பதை வாசலில் இருந்து கடைசிவரை பார்த்துக்கொண்டே தின்றார். அன்று பேச்சு நடந்தது. சாப்பாடும் நடந்தது. அப்பளம் அவர் இலைக்குத்தான் முதலில் வந்தது. ஆனாலும் அவர் முடிவு சொல்லவில்லை. வீட்டில் கலந்து பேசிவிட்டுத் தகவல் சொல்கிறோம் என்றார். வேண்டாம் என்று சொல்ல நினைப்பவர்கள் வழக்கமாகச் சொல்வதும் அதைத்தான். உங்கள் அம்மா கதவோரத்தில் நிற்பதைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கிளம்பும்போது தாத்தா என்னைப் படிக்கட்டில் நிறுத்தினார். எனக்கு ஏதோ புத்தி சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, வேட்டியைத்தான் பார்த்தார்.

"பஸ்ஸுல உக்காராதீங்க மாப்பிள்ளை. நின்னுட்டே போங்க. மடிப்பு போயிரும்."

சித்தி வித்துராவில் செய்திக்காகக் காத்திருந்தாள். கிழக்கே கோட்டை பஸ் நிலையத்தில் வித்துரா பஸ் ஏறினோம். ஞாயிறு மத்தியானம், பஸ்ஸில் பாதி இடம் காலி. சித்தப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இடத்தைத் தட்டிக் காட்டினார். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பேரூர்க்கடை தாண்டியது, நின்றேன். நெடுமங்காடு வந்து இன்னும் ஆள் இறங்கினார்கள், நின்றேன். கண்டக்டர் இரண்டு முறை உட்காரச் சொல்லிவிட்டு, இவனுக்கு ஏதோ கட்டி வந்திருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ, விட்டுவிட்டார். மலைப் பாதையில் பஸ் வளைந்து வளைந்து போகும்போது நானும் வளைந்தேன். வேட்டி மட்டும் வளையவில்லை.

சித்தப்பா என்னையும் காலி இடத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வந்தார். வித்துரா சந்தை தெரிய ஆரம்பித்ததும் பெருமூச்சு விட்டு, மிச்சம் இருந்த உப்பேரியை என் கையில் வைத்தார்.

"சரிதாம்லே. நீ எப்பவோ அவரு மருமகன் ஆயிட்ட. இனி நான் என்னத்தச் சொல்ல?" என்றார். "உக்காரு."

அப்போதும் நான் உட்காரவில்லை.